பெயர் பறித்த பள்ளியும் பேர் பெற்ற ஆட்டமும்

வரலாறு என்றவுடன் அரண்மனைகளும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிப் பிள்ளைகள் பந்தாடிய புல்வெளியிலும் வரலாறு எழுதப்பட்டதுண்டு. 1912 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் என்னும் ஊரிலிருந்த பள்ளியொன்றின் மாணவர்கள் பதினான்கு ஆட்டங்கள் ஆடினர். அவற்றுள் பன்னிரண்டில் வென்றனர். ஒன்றில் தோற்றனர். ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. விளையாட்டுச் செய்தி என்ற அளவில் இதை இரண்டு வரிகளில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்பிள்ளைகள் யார், அவர்கள் அந்தப் பள்ளிக்கு எவ்வாறு வந்தனர், அங்கே அவர்களிடமிருந்து எவையெவை பறிக்கப்பட்டன என்பவற்றை அறிந்தபின் அந்த ஆட்டங்களை நோக்கினால், கல்வியைப் பற்றிய பெரியதோர் வினா நம்முன் எழுந்து நிற்கும். அவ்வினாவின் பொருட்டே இக்கட்டுரையை வரைகின்றோம்.

பள்ளி பிறந்த கதை

செவ்விந்தியர் என்று நாம் வழங்கிவரும் அமெரிக்க முதற்குடிகள் ஒரே இனத்தவர் அல்லர். லகோட்டா, ஒஜிப்வே, ஹோப்பி, செரோக்கி, சாக் அண்டு ஃபாக்ஸ் எனப் பலப்பல குடிகளாக, தனித்தனி மொழியும் வழக்கமும் உடையவர்களாக வாழ்ந்தவர்கள். ஐரோப்பியக் குடியேறிகள் மேற்கு நோக்கிப் பரவப் பரவ, இவர்களுடைய நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது. போரும் பஞ்சமும் நோயும் இவர்களை வாட்டின. எஞ்சியோர் குறிப்பிட்ட ஒதுக்கிடங்களில் அடைக்கப்பட்டனர்.

படையை அனுப்பி அடக்குவதைவிடப் பிள்ளைகளைப் பிடித்து மாற்றிவிடுவது எளிது என்றெண்ணியவர்களுள் ஒருவர் ரிச்சர்டு ஹென்றி பிராட் என்னும் படைத்தலைவர். அவர் முன்பு ஃபுளோரிடாவில் செவ்விந்தியக் கைதிகளுக்குக் காவலராக இருந்தவர். கைதிகளுக்குக் கல்வி கற்பித்துப் பார்த்த பட்டறிவைக் கொண்டு, 1879 ஆம் ஆண்டில் கார்லைலில் கைவிடப்பட்டிருந்த படைவீட்டைப் பெற்று ஒரு தொழிற்பள்ளியை நிறுவினார். மனிதனைக் காப்பாற்ற வேண்டுமாயின் அவனுக்குள் இருக்கும் செவ்விந்தியனைக் கொன்றுவிட வேண்டும் என்ற கருத்தை 1892 இல் அவர் வெளிப்படையாகவே பேசினார். இக்கருத்தை அவர் கருணை என்றே நம்பினார் என்பது எண்ணத்தக்கது.

பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு முதலில் நேர்ந்தது முடி வெட்டப்பட்டது. லகோட்டா மக்களிடையே முடியைக் களைவது இழவுக்குரிய செயல். எனவே கத்தரிக்கோல் தலையில் பட்டதும் பிள்ளைகள் அழுது ஓலமிட்டனர். அடுத்து அவர்களுடைய உடைகள் களையப்பட்டுப் படைவீரர் சீருடை அணிவிக்கப்பட்டது. தாய்மொழியில் பேசினால் தண்டனை கிடைத்தது. பெயரும் மாற்றப்பட்டது. முதல் கூட்டத்தில் வந்த லூதர் ஸ்டாண்டிங் பேர் என்பவர், பிற்காலத்தில் தாம் எழுதிய நூலில் அந்தக் காட்சியைப் பதிவு செய்திருக்கின்றார். கரும்பலகையில் ஆங்கிலப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கோலை எடுத்து ஏதேனும் ஒரு பெயரைச் சுட்ட வேண்டும். எழுத்தே அறியாத அச்சிறுவர் எதைத் தொட்டனரோ அதுவே அவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் பெயராயிற்று.

பிள்ளைக்குப் பெயரிடுவதை ஒரு கடமையாக, பொருளறிந்து செய்யும் நம் குடும்பங்கள் இந்தக் காட்சியை ஒரு கணம் மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். தாத்தாவின் நினைவும் குலத்தின் வரலாறும் தாயின் ஆசையும் கலந்த ஒன்று, சுண்ணக்கட்டிக் கோடு ஒன்றினால் துடைக்கப்பட்டுவிட்டது.

பள்ளியில் அரைநாள் ஏட்டுக்கல்வி, அரைநாள் தச்சு, தையல், சலவை போன்ற தொழில்கள். விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல், சுற்றுவட்டார வெள்ளையர் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினர். காசநோய் முதலிய நோய்களால் பலர் மாண்டனர். அந்தப் பள்ளியின் அடக்கத்தலத்தில் 180க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கல்லறைகள் இருந்தன. இதைவிடக் கூடுதலாக அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கின்றது?

ஆட்டத்தின் இயல்பு

இங்கே நாம் குறிப்பிடும் பந்தாட்டம், நம்மூர் மைதானங்களில் காலால் உதைத்து ஆடப்படும் கால்பந்து அன்று. அமெரிக்கர் வழங்கும் ஃபுட்பால் வேறுவகை. பந்து முட்டை வடிவினது. அதைக் கையில் ஏந்தி ஓடுவர், எறிவர், உதைக்கவும் செய்வர். பக்கத்துக்குப் பதினொருவர். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்ப்பதே நோக்கம். அதற்கு டச்டவுன் என்று பெயர். பந்துடன் ஓடுபவனை எதிரிகள் கட்டிப்பிடித்துத் தரையில் வீழ்த்துவர். எனவே உடல் வலிமை மிக்கோர் மோதும் முரட்டு ஆட்டம் அது.

அந்நாளில் தலைக்கவசமும் காப்புடையும் பெயரளவுக்கே இருந்தன. 1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் ஏறத்தாழ இருபது இளைஞர்கள் இவ்வாட்டத்தால் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரித் தலைவர்களை அழைத்துப் பேச வேண்டிய நிலை ஏற்பட்டது. அதன் விளைவாக 1906 இல் விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிவதற்கு அப்போதுதான் இசைவு தரப்பட்டது. 1912 இல் மேலும் சில திருத்தங்கள் வந்தன. டச்டவுனுக்கு ஆறு புள்ளிகள் என்றும், பத்துக் கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் என்றும் விதிகள் வகுக்கப்பட்டன. ஆடுகளத்தின் நீளம் நூறு கெஜமாக்கப்பட்டது. வெறும் உடற்பருமனைவிட விரைவுக்கும் கூர்மதிக்கும் இடம் கிடைத்தது. கார்லைல் பிள்ளைகளுக்கு இது பெருவாய்ப்பாக அமைந்தது. ஏனெனில் அவர்களுடைய அணி பெரும்பாலும் எதிரணியைவிட எடை குறைந்ததாகவும் எண்ணிக்கையில் சிறியதாகவும் இருந்தது.

களத்தில் இறங்கிய பிள்ளைகள்

பிராட் முதலில் இவ்வாட்டத்தை விரும்பவில்லை. ஒரு மாணவரின் கால் முறிந்தபோது வெளியூர் ஆட்டங்களைத் தடுத்துவிட்டார். மாணவர்கள் கூடிச் சென்று வாதாடி, 1890களின் தொடக்கத்தில் மீண்டும் இசைவு பெற்றனர். எதிரி அடித்தாலும் திருப்பி அடிக்கலாகாது என்று அவர் அவர்களிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

1899 இல் கிளென் வார்னர் என்பவர் பயிற்சியாளராக வந்தார். சட்டம் படித்தவர், சூழ்ச்சித் திறன் மிக்கவர். 1903 இல் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியபோது, ஒரு வீரரின் சட்டை முதுகுப்புறத்தில் பந்தை ஒளித்துவைத்து, எதிரிகள் பந்தைத் தேடித் திகைத்துக்கொண்டிருக்க, அவர் ஓடிச்சென்று எல்லையைக் கடந்தார். ஆட்டத்தில் 12-11 என்று கார்லைல் தோற்றாலும் அந்தச் செயல் நாடெங்கும் பேசப்பட்டது. இடையில் விலகிச் சென்ற வார்னர் 1907 இல் திரும்பி வந்தார். அவ்வாண்டு, எறிபந்தின் பயனை முழுதும் உணர்ந்து ஆடிய கார்லைல் அணி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என வென்றது. 1911 இல் ஹார்வர்டை 18-15 என்ற கணக்கில் முறியடித்தது. அந்த ஆட்டத்தில் நான்கு முறை உதைத்துப் புள்ளி பெற்றவர் ஜிம் தோர்ப் என்னும் இளைஞர்.

ஒளிப்பாதை என்னும் பெயருடையவர்

தோர்ப் சாக் அண்டு ஃபாக்ஸ் குடியைச் சேர்ந்தவர். அவருக்கு அக்குடி இட்ட பெயர் 'வா-தோ-ஹக்'. ஒளிமயமான பாதை என்பது அதன் பொருள். பின்னாளில் ஓக்லஹோமா மாநிலமான பகுதியில் பிறந்தார். அவருடன் இரட்டையராகப் பிறந்த சகோதரர் ஒன்பது வயதளவில் நோயால் இறந்தார். 1904 இல் தோர்ப் கார்லைலுக்கு வந்தார். மற்றவர்களைப் போலவே பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார்.

1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிகளில் அவர் ஐவகைப் போட்டியிலும் பதின்வகைப் போட்டியிலும் தங்கப் பதக்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர் லூயி தெவானிமா. இவரும் கார்லைல் மாணவரே. ஹோப்பி குடியைச் சேர்ந்த தெவானிமா தாமாக விரும்பிப் பள்ளிக்கு வந்தவர் அல்லர். அரசின் கட்டாயக் கல்வியை எதிர்த்த ஹோப்பி மக்கள் தண்டிக்கப்பட்டபோது, 1907 இல் அவர்களுள் இளைஞர்கள் சிலர் கார்லைலுக்கு அனுப்பப்பட்டனர். தெவானிமாவும் அவர்களுள் ஒருவர். தண்டனையாக அனுப்பப்பட்டவர், தம்மைத் தண்டித்த நாட்டின் கொடியைத் தாங்கி ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். செவ்விந்தியர் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1924 இல்தான் வந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்க.

1912 ஆம் ஆண்டுப் பருவம்

ஒலிம்பிக் முடிந்து திரும்பிய தோர்ப்பைத் தலைவராகக் கொண்டு கார்லைல் அணி செப்டம்பரில் களமிறங்கியது. கஸ் வெல்ச், ஜோ கையன் இருவரும் ஒஜிப்வே குடியினர். அலெக்ஸ் அர்காசா மேற்குப் பகுதியின் கோல்வில் ஒதுக்கிடத்தைச் சேர்ந்தவர். ஸ்டான்சில் பவல் செரோக்கி. முன்னாளில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதிருந்த குடிகளின் பிள்ளைகள் ஒரே அணியில் தோளோடு தோள் சேர்ந்து நின்றனர். இவர்களைப் பிணைத்தது தம்முள் பொதுவாக அமைந்த இழப்பு என்றே நாம் கருதுகின்றோம்.

தொடக்க ஆட்டங்கள் எளிதாயின. டிக்கின்சன் கல்லூரியை 34-0 என்றும், வில்லனோவாவை 65-0 என்றும் வென்றனர். அக்டோபர் 5 ஆம் நாள் வாஷிங்டன் அண்டு ஜெபர்சன் கல்லூரியுடன் ஆடிய ஆட்டத்தில் இரு பக்கத்தாரும் ஒரு புள்ளியும் பெறவில்லை. அடுத்த வாரம் சிரகியூஸ் அணியை 33-0 என முறியடித்தனர். சென்ற ஆண்டில் அவர்களை ஒரே புள்ளியில் தோற்கடித்திருந்த அணி அது. பின்னர் பிட்ஸ்பர்க், ஜார்ஜ்டவுன், லேஹை எனப் பல அணிகள் வீழ்ந்தன. இடையே கனடா நாட்டின் டொராண்டோவுக்கும் சென்று வென்று வந்தனர். அந்த ஆட்டத்தில் முற்பாதி அமெரிக்க விதிப்படியும் பிற்பாதி கனடா விதிப்படியும் ஆடப்பட்டது.

ஆட்டங்களில் பெரும்பாலானவை வெளியூர்களிலேயே நடந்தன. கூட்டம் மிகும் நகரங்களில்தானே நுழைவுச்சீட்டு மிகுதியாக விற்கும்? அந்தப் பணம் யாருக்குச் சென்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வெஸ்ட் பாயிண்ட் களத்தில்

நவம்பர் 9 ஆம் நாள். ஹட்சன் ஆற்றங்கரையில் அமைந்த வெஸ்ட் பாயிண்ட் படைப்பயிற்சிக் கல்லூரியின் ஆடுகளம். எதிரே நின்றவர்கள் அமெரிக்கப் படையின் வருங்கால அதிகாரிகள். லகோட்டா மக்கள், பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, வூண்டட் நீ என்னுமிடத்தில் படையினரால் கொன்று குவிக்கப்பட்டது 1890 டிசம்பர் 29 இல். அது நிகழ்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள்கூட அப்போது முழுமையாகக் கழியவில்லை. அந்தப் படையின் பிள்ளைகளும், அந்தப் படையால் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளும் ஒரே புல்வெளியில், ஒரே விதிக்கு உட்பட்டு நின்றனர். எதிரே நிற்பவர்களின் தந்தையரே உங்கள் தந்தையரோடு போரிட்டவர்கள் என்று வார்னர் ஆட்டத்துக்கு முன் தம் மாணவர்களிடம் சொன்னதாகக் கூறப்படுகின்றது. அவர் சொல்லியிருக்காவிட்டாலும் அவர்கள் அதை அறியாதவர்களா?

முதலில் படைக்கல்லூரியே புள்ளி எடுத்தது. சினம் மூண்ட மோதலில் கார்லைல் அணியின் பவல் அடித்தார் என்று களத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனால் முற்பாதி முடிவில் கார்லைல் 7-6 என ஒரு புள்ளி முந்தியிருந்தது. பிற்பாதியில் நிலைமை முற்றும் மாறிற்று. வார்னர் வகுத்துத் தந்திருந்த புதிய அணிவகுப்பினால், பந்து யார் கையில் இருக்கின்றது, எப்பக்கம் செல்லும் என்பதை எதிரிகளால் கணிக்க முடியவில்லை. தோர்ப்பைத் தடுக்க எதிரிகள் திரண்டபோது, மற்றவர்கள் வேறு வழியே எல்லையைக் கடந்தனர். பிற்பாதியில் படைக்கல்லூரி ஒரு புள்ளியும் பெறவில்லை. அதன் அணித்தலைவர் லேலண்டு டெவோர், தம்மைத் திணறடித்த கையனைத் தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். இறுதிக் கணக்கு 27-6.

அன்று தோர்ப்பை வீழ்த்தியே தீர்வதென்று முனைந்து, தாமே அடிபட்டு ஓய்ந்தவர்களுள் ஒருவர் டுவைட் ஐசன்ஹோவர். இரண்டாம் உலகப் போரில் நேசப்படைகளை நடத்தி, 1953 முதல் 1961 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த அதே ஐசன்ஹோவர்தான். பிற்காலத்தில் அவரே தோர்ப்பின் ஆற்றலை வியந்து பாராட்டினார்.

அடுத்த வாரமே கார்லைல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 எனத் தோற்றது. பருவத்தின் ஒரே தோல்வி அது. நவம்பர் 28 இல் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32-0 என வென்று பருவத்தை முடித்தனர். பதினான்கு ஆட்டங்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட புள்ளிகள் எடுத்திருந்தனர்.

மறைக்காத பெயருக்குத் தண்டனை

வெற்றியின் ஆரவாரம் இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. 1913 ஜனவரியில், தோர்ப் 1909, 1910 ஆம் ஆண்டுக் கோடைகளில் வட கரோலினாவில் சிறு ஊதியம் பெற்றுப் பேஸ்பால் ஆடியவர் என்று ஒரு செய்தித்தாள் எழுதியது. பணம் பெற்று விளையாடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளலாகாது என்பது அந்நாளைய விதி. பதக்கங்கள் திரும்பப் பெறப்பட்டன. அவர் பெயர் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டது.

அந்நாளில் கல்லூரி மாணவர் பலர் கோடையில் பணத்துக்கு ஆடுவது வழக்கமே. ஆனால் அவர்கள் பொய்ப்பெயரில் ஆடினர். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். ஆகவே அவர் அகப்பட்டார். பெயரை மாற்றிக்கொள்வதையே கல்வியின் முதற்படியாக வைத்திருந்த பள்ளியின் மாணவர், பெயரை மாற்றிக்கொள்ளாத நேர்மைக்காகத் தண்டிக்கப்பட்டார். இம்முரணைவிடக் கூர்மையான பாடம் ஒன்றை அந்தப் பள்ளியின் எந்த ஆசிரியரும் கற்பித்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. முறையீடு ஏதும் இருந்தால் போட்டி முடிந்த முப்பது நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்த ஒலிம்பிக்கின் விதியே. செய்தி வெளிவந்ததோ ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து. ஒரு விதியை இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் மற்றொரு விதியை மறந்துவிட்டனர். எளியவன் மீது பாயும்போது சட்டம் ஒற்றைக் கண்ணுடன் பாய்வது புதிதன்று.

மாணவர் எழுப்பிய குரல்

ஆட்டங்களால் வந்த நுழைவுக் கட்டணம் பெருந்தொகை. அது தனி நிதியாக வைக்கப்பட்டு, வார்னர் முதலியோரின் கையில் இருந்தது. மாணவர்களின் உணவும் ஒழுங்கும் உடல்நலமும் சீர்கெட்டிருக்க, அந்த நிதி விருப்பம்போல் செலவிடப்படுகின்றது என்ற குறை எழுந்தது. படைக்கல்லூரியை வென்ற அணியின் கஸ் வெல்ச்சே இதற்குக் குரல் கொடுத்தார். மாணவர் பலர் கையொப்பமிட்ட முறையீடு தலைநகருக்குச் சென்றது. 1914 இல் காங்கிரஸ் அவையின் குழு கார்லைலுக்கு வந்து விசாரித்தது. பள்ளித் தலைவர் மோசஸ் ஃபிரீட்மன் பதவியிழந்தார். வார்னரும் விரைவில் வேறிடம் சென்றார்.

1912 ஆம் ஆண்டின் பெரிய வெற்றி எது என்று எம்மைக் கேட்டால், வெஸ்ட் பாயிண்ட் வெற்றிக்கு அடுத்தபடியாக இம்முறையீட்டையே சுட்டுவோம். களத்தில் அஞ்சாமை கற்றவர்கள், அவையிலும் அஞ்சாமல் நின்றனர். அடிபணியக் கற்பிக்கவே தொடங்கப்பட்ட பள்ளியில், கற்றுக்கொடுத்த அதே மொழியைக் கொண்டே நீதி கேட்டனர்.

பள்ளி 1918 இல் மூடப்பட்டது. கட்டடங்கள் மீண்டும் படைக்குச் சென்றன. 1927 இல் பிள்ளைகளின் கல்லறைகளும் இருந்த இடத்திலிருந்து பெயர்த்து வேறிடம் மாற்றப்பட்டன. தெவானிமா தம் ஹோப்பி ஊருக்குத் திரும்பி ஆடு மேய்த்து, தம் குடியின் வழக்கங்களோடு வாழ்ந்து 1969 இல் மறைந்தார். தோர்ப் 1953 இல் வறுமையில் இறந்தார். அவருக்குரிய தங்கப் பதக்கங்களின் மாற்றுகள் 1983 இல் அவர் மக்களிடம் அளிக்கப்பட்டன. எனினும் அப்போதும் அவரை இணை வெற்றியாளராகவே ஏட்டில் எழுதினர். தனி வெற்றியாளர் அவரே என்று ஒலிம்பிக் குழு அறிவித்தது 2022 இல். பறித்தபின் நூற்றொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 2017 முதல் கார்லைல் கல்லறைகளிலிருந்து பிள்ளைகளின் எச்சங்கள் அவரவர் குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. 2024 அக்டோபரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பைடன் இத்தகைய பள்ளிகளுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில் கார்லைல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

நாம் கொள்ள வேண்டியது

அரபுமொழியில் கல்வி புகட்டுவதற்குத் 'தஃலீம்' என்றும், பேணி வளர்ப்பதற்குத் 'தர்பியத்' என்றும் இரு சொற்கள் உண்டு. பின்னதன் வேரிலேயே வளர்தல் என்னும் பொருள் அடங்கியுள்ளது. செடியை வளர்ப்பவன் அதன் வேரில் நீர் விடுவான். கார்லைல் பள்ளியோ வேரை வெட்டிவிட்டுக் கிளையைச் செப்பனிட முயன்றது. எழுத்தும் தொழிலும் அங்கே கற்பிக்கப்பட்டன என்பதை நாம் மறுக்கவில்லை. அவற்றுக்கு விலையாகப் பெயரையும் மொழியையும் பெற்றோரையும் கேட்டதே அதன் கொடுமை.

அந்தப் பிள்ளைகளின் பந்தாட்டத்தைப் பள்ளியின் சாதனையாகக் காட்டியவர்கள் அன்றும் இருந்தனர். பள்ளி கொடுத்தது களமும் சீருடையும். விரைவும் பொறுமையும், விழுந்தாலும் எழும் நெஞ்சுரமும், ஒருவருக்காக ஒருவர் நிற்கும் பண்பும் அவர்கள் தம் குடிகளிலிருந்து கொண்டுவந்தவை. கத்தரிக்கோலால் வெட்ட முடியாத இடத்தில் அவை இருந்தன.

நம் பிள்ளைகளும் பல ஊர்களில், பல மொழிகளில், பல பள்ளிகளில் கற்கின்றனர். கற்கட்டும், எங்கும் சென்று கற்கட்டும். வீட்டிலே தாய்மொழியும், பெயரின் பொருளும், முன்னோரின் வரலாறும் அவர்களுக்குச் சொல்லப்படுமானால் எந்தப் பள்ளியும் அவர்களைத் தம்மவரிடமிருந்து பிரிக்க இயலாது. அதைச் சொல்ல வேண்டிய கடமை பள்ளி ஆசிரியரைவிட முதலில் பெற்றோருடையது. கார்லைல் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. நமக்கு அது மறுக்கப்படவில்லை.